மூன்றாம் பாகத்தில் எல்லம்மா இல்லை

நான் மனிதனே இல்லை, கம்ப்யூட்டர் இயக்குகிற பொம்மை என்று ஆவடியில் உட்கார்ந்திருந்த ஒருவனும் பூந்தமல்லியில் உட்கார்ந்திருந்த ஒருவனும் ஒரு சாயங்காலம் என் வீட்டு டிவி வழியாகவே முடிவுகட்டினார்கள். என் மனைவி பானுப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் சொன்னதில் பெரிய தப்பு இல்லை என்று எனக்கே பின்னால் புரிந்தது. அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் உதயகுமார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. பாகத்தை எடுத்து அளவுக்கருவிக்குள் நுழைப்பேன். நுழைந்தால் ஓகே, நுழையாவிட்டால் ரிஜெக்ட். நாள் முழுக்க அடுத்தவன் செய்ததைக் குறை சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறேன். அந்தப் பழக்கத்தை ஆறு மணிக்கு மேல் மண்ணூர்பேட்டை வீடு வரைக்கும் கூடவே கூட்டிவருகிறேன் என்பது பானுவின் புகார். அவள் வானகரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். அவளும் நாள் முழுக்க நோயாளிகளிடம் பேசிவிட்டு வருவதால் வீட்டில் யாரையாவது பேசவிட்டுக் கேட்பதுதான் அவளுக்கு ஓய்வு.

என் வயதுக்காரர்கள் திருநின்றவூர்ப் பக்கம் மனை பார்க்கிறார்கள், முட்டி வலிக்கு எண்ணெய் பார்க்கிறார்கள். நான் வீடியோ கேம் ஆடுகிறேன். கம்பெனியில் இது யாருக்கும் தெரியாது. சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் "ஊட்ல கொஞ்சம் வேல கீது" என்று சொல்லிவிட்டு, ஒரு கடமையுள்ள குடும்பத் தலைவனின் முகத்தோடு பைக்கை உதைப்பேன்.

நான் ஆடுவது ஒற்றை ஆள் ஆட்டம். அதாவது கதை இருக்கும், கதாநாயகன் இருப்பான், அவனை நான் ஓட்டுவேன். வேறு யாரும் உள்ளே வரமாட்டார்கள். "நான் தனியாக ஆடுகிறவன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அது சுத்தப் பொய். கல்யாணம் ஆன மறுமாதத்திலிருந்து பக்கத்தில் பானு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஆட்டத்தை ஓட்டுகிற ரிமோட்டைப் பிடிக்க வராது, பிடிக்கவும் பிடிக்காது. கதைதான் வேண்டும். கதையோ இங்கிலீஷில். அவளுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், எனக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். ஆனால் மொழிபெயர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது, ஏனென்றால் ஆண்பிள்ளை.

டிவியின் அடியில் எழுத்து ஓட ஓட நான் குரல் கொடுப்பேன். கதாநாயகனுக்குக் கரகரப்பு, வில்லனுக்கு மூக்கால், பெண்களுக்குக் கீச்சுக்குரல். புரிந்ததைச் சொல்வேன், புரியாததை இட்டுக்கட்டுவேன். பானுவுக்கு அது தெரியும். "இவ்ளோ நேரம் பேசுனான், நீ ரெண்டு வார்த்த சொல்ற?" என்று கேட்பாள். "மத்ததெல்லாம் கெட்ட வார்த்த" என்று சமாளிப்பேன்.

அப்படி நாங்கள் உயிரைக் கொடுத்து ஆடியது ஒரு கலங்கரை விளக்கக் கதை. நாயகன் மார்கஸ், படகோட்டி. நாயகி எலினா, விளக்கைப் பார்த்துக்கொள்பவள். எங்கள் வீட்டில் முதல் வாரத்திலேயே மார்கஸ் மாரி ஆனான், எலினா எல்லம்மா ஆனாள். தீவைக் கடற்கொள்ளைக்காரர்கள் சூழ்ந்துவிடுகிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசியில் எல்லம்மாவுக்குக் காலில் குண்டடி. மாரி அவளைக் கலங்கரை விளக்கத்துக்குள் விட்டு, கதவை உள்ளே தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டு, உதவிக்கு ஆள் கூட்டிவரப் படகில் கிளம்புகிறான். போகும்போது இங்கிலீஷில் நீளமாக ஏதோ வாக்குக் கொடுத்தான். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. "தோ வந்துர்றேன் எல்லம்மா" என்று முடித்துவிட்டேன். திரை இருண்டது.

சென்னைக்காரன் "தோ வந்துர்றேன்" என்றால் அது இரண்டு நிமிஷமாகவும் இருக்கலாம், அடுத்த பொங்கலாகவும் இருக்கலாம். மாரி விஷயத்தில் ஆறேழு வருஷம் ஆனது. கேம் கம்பெனிக்காரன் மூன்றாம் பாகத்தை விடவே இல்லை. பானு மட்டும் எல்லம்மாவை விடவில்லை. ரசம் தாளிக்கும்போது திடீரென்று கேட்பாள்.

"ஏன்யா, உள்ள மூலையில நாலு பீப்பா இருந்துச்சே, அது அரிசியா?"

"எந்தப் பீப்பா?"

"எல்லம்மா கீற எடத்துல. அரிசியாதான் இருக்கும். கால்ல அடிபட்டவ பசி தாங்க மாட்டா."

நானும் வேலை வெட்டி இல்லாதவன் மாதிரி உட்கார்ந்து, பீப்பாயில் கருவாடும் இருக்கும் என்று உறுதி சொல்வேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு நாளின் பேச்செல்லாம் ஸ்கேன் சென்டர், கம்பெனி, தண்ணி லாரி என்று தீர்ந்துபோன பிறகும் எங்களுக்குப் பேச எல்லம்மா இருந்தாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வழியாக மூன்றாம் பாகம் வந்தது. வருவதற்கு முன்பே குட்டு வெளிப்பட்டுவிட்டது. கதையே கிடையாதாம். நூறு பேர் இன்டர்நெட் வழியாக ஒரே தீவில் குதித்து, ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் நிற்கிற அணி ஜெயிக்குமாம். எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னைப்போல் ஒற்றை ஆள் ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீண்ட உரை ஆற்றினேன். கதையைக் கொன்ற இந்தக் கம்பெனிக்கு ஒரு பைசா தரமாட்டோம், ஒருவரும் வாங்கக்கூடாது, வாங்கினவன் நம்மில் ஒருவனல்ல என்று முழங்கினேன். எல்லோரும் நெருப்புப் படம் போட்டார்கள். தனியாக இருப்பதே கொள்கையாகக் கொண்டவர்களுக்கு எதற்குக் குழு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளியான அன்று சாயங்காலம் வாங்கிவிட்டேன். பானு ஆசையாகக் கேட்டாள், அதனால்தான் வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டேன். உள்ளே நுழைந்து நண்பர்கள் பட்டியலைப் பார்த்தால் புறக்கணிப்புப் போராளிகள் அத்தனை பேர் பக்கத்திலும் பச்சைப் புள்ளி, அதாவது எல்லோரும் உள்ளே ஆடிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

பானு ஸ்கேன் சென்டர் புடவையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்தாள். விமானத்திலிருந்து நூறு பேர் குதித்தார்கள்.

"இதுல யாரு மாரி?"

"எல்லாரும் மாரிதான்."

"இன்னாயா சொல்ற?"

நிஜம்தான். நூறு பேருக்கும் மார்கஸின் முகம். எனக்கே என்னைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் குனிந்து ஒரு கதவைத் திறப்பதற்குள் இன்னொரு மாரி வந்து என்னைச் சுட்டான். பானு வாயைப் பொத்திக்கொண்டாள்.

வரைபடத்தைத் தேடிப் பார்த்தபோது தீவின் வடகோடியில் கலங்கரை விளக்கம் இருந்தது. அவள் முகம் மலர்ந்தது. "அங்க போ. அவ அங்கதான் இருப்பா" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் துப்பாக்கிகூட எடுக்காமல் கலங்கரை விளக்கத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தேன். வழியில் யாராவது சுட்டுவிடுவார்கள். மறுபடி குதிப்பேன், மறுபடி ஓடுவேன், மறுபடி சாவேன். ஆட்டமே நாலு நாலு பேராக அணி சேர்த்துவிடும். என் அணியில் சேர்ந்தவர்கள் மூன்று பேர்: ஆவடி சந்தோஷ், பூந்தமல்லி முகமது ஆசிக், மாங்காட்டு ஜெபா. மூவரும் சாப்பாடு டெலிவரி ஓட்டுகிற வாலிபர்கள், வேலைக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் ஆடுகிறவர்கள். அவர்கள் குரல் என் டிவியில் கேட்டது. கூச்சத்தில் நான் வாயே திறக்கவில்லை.

"மச்சான், இந்த நாலாவது ஆளு எங்கடா ஓடறான்?" என்றான் சந்தோஷ்.

"துப்பாக்கி எடுக்க மாட்றான், பேச மாட்றான். டேய், இது பாட்டுடா" என்றான் ஆசிக்.

ஆள் போதாத குறைக்குக் கம்ப்யூட்டரே ஓட்டுகிற பொம்மைக்கு 'பாட்' என்று பெயர். நம் ஊர் வாயில் அது பாட்டு ஆகிவிடும். மற்ற இருவரும் "பாட்டு, பாட்டு" என்று கூவினார்கள். வாழ்நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடுதான் ஆடுவேன் என்று அடம்பிடித்தவனுக்குக் கடைசியில் கம்ப்யூட்டர் என்றே பெயர் வந்துவிட்டது.

பானு என்னைப் பார்த்தாள். "உன்ன பாடச் சொல்றானுங்களா?" என்றவள், நான் தடுப்பதற்குள் என் கையிலிருந்த ரிமோட்டின் மைக்கருகே குனிந்து, "தம்பிங்களா, அவருக்குப் பாட வராதுப்பா, உட்ருங்க" என்றாள்.

ஆவடி, பூந்தமல்லி, மாங்காடு மூன்றும் ஒரே நேரத்தில் அமைதியாயின. பிறகு மூன்றும் ஒரே நேரத்தில் சிரித்தன. "டேய், பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு கீதுடா" என்று ஜெபா மூச்சுத்திணறினான். பானுவும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் மானம் போனதாக நினைத்தேன். அவ்வளவு மானம் என்னிடம் எப்போது இருந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் ஒரு ஹெட்செட் வாங்கினேன். பெண்டாட்டி முன்னால் எவனும் என்னைக் கேலி செய்யக்கூடாது என்ற வீராப்பு. அது காதை மூடியதும் இரண்டு காரியம் நடந்தது. பசங்கள் பேசுவது பானுவுக்குக் கேட்காமல் போனது. பானு பேசுவது எனக்குக் கேட்காமல் போனது.

ஆரம்பத்தில் அவள் பக்கத்தில் உட்காரத்தான் செய்தாள். எதுவும் கேட்காத ஆட்டத்தை எத்தனை நாள்தான் பார்ப்பது? பிறகு துணி மடிக்க உள்ளே போனாள், பிறகு போனில் தங்கச்சியோடு பேச மொட்டைமாடிக்குப் போனாள். நான் கவனிக்கவில்லை. ஏனென்றால் நான் தேறிக்கொண்டிருந்தேன். கலங்கரை விளக்கத்தை மறந்து துப்பாக்கியை எடுத்தேன். 'மாரி' என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஜெயித்தவர்கள் பட்டியலில் அந்தப் பெயர் மேலே ஏற ஏற, "அண்ணாத்தே பின்றியே" என்று பசங்கள் சொன்னார்கள். பதினைந்து வருஷம் அளவுக்கருவியில் நுழைத்துப் பார்த்ததற்கு மேனேஜர் ஒருநாள் சொல்லியிருப்பாரா இப்படி? நான் வாட்ஸ்அப் குழுவில் முழங்கிய உரை என்னைப் பார்த்துக் காறித்துப்பியது. அதையும் கேட்க முடியாதபடி காதில் ஹெட்செட்.

பழைய ஆட்டத்தில் ஒரு பித்தான் இருந்தது. அதை அழுத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும். கேஸ் சிலிண்டர்காரன் வந்தாலும், பானு கூப்பிட்டாலும், மாரி ஓங்கிய கத்தியோடு நின்று காத்திருப்பான். புதிய ஆட்டத்தில் அது கிடையாது. நூறு பேர் ஆடும்போது யாருக்காக நிறுத்துவது? பானு வந்து தோளைத் தொடுவாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தோ வந்துர்றேன்" என்பேன்.

ஒருநாள் ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கப் போனேன். சமையலறையில் குடங்கள் எல்லாம் நிறைந்து வரிசையாக நின்றன. தண்ணி லாரி வந்து போயிருந்தது. அவள் ஒருத்தியாகவே மாடிப்படி ஏற்றியிருக்கிறாள். "கூப்புட்டிருக்கலாமே" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த ஆட்டம் தொடங்கும் வரை இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹெட்செட்டில் சார்ஜ் தீர்ந்துபோனது. பாதி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை டிவிக்கே மாற்றிவிட்டேன். நூறு பேரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிச்சம். எங்கள் நால்வருக்கும் உயிர் இருந்தது. ஆடத் தொடங்கியதிலிருந்து நால்வரும் சாகாமல் அவ்வளவு தூரம் வந்ததில்லை.

"அண்ணாத்தே, வடக்கால ஒரு டவர் கீது பாரு, அதுக்குள்ள பூந்துக்கலாம்" என்று சந்தோஷ் கத்தினான். நான் முன்னால் ஓடி, கதவை எட்டி உதைத்து, உள்ளே புகுந்தேன்.

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்த பானு நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள்.

"யோவ். இது எல்லம்மா கீற எடம்."

"இரு பானு, ஆளுங்க வரானுங்க."

"நீ கதவ ஒதச்சியா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை நாள் ஓடி ஓடிச் செத்துப்போய் அடைய முடியாத கலங்கரை விளக்கத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். வளைந்து ஏறும் படிகள். தரையில் ஒரு துப்பாக்கி, ஒரு மருந்துப்பெட்டி. மூலையில் பீப்பாய் இல்லை. எல்லம்மாவும் இல்லை.

"யாரு அக்கா எல்லம்மா?" என்றான் ஆசிக். ரிமோட் மைக் வழியாக அவள் குரல் போயிருக்கிறது.

பானு துணியை நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தாள். படகு, தீவு, கொள்ளைக்காரர்கள், காலில் பட்ட குண்டு, உள்பக்கத் தாழ்ப்பாள். நான் இட்டுக்கட்டிய வசனங்களெல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் அவளிடம் இருந்தன. மூன்று வாலிபர்களும் மூன்று மாரிகளாகப் படியில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் முதல் இரண்டு பாகமும் ஆடாதவர்கள். வெளியே சுடும் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. எவனும் நகரவில்லை.

"அப்பறம் இன்னாச்சு அக்கா?"

"இன்னா ஆவும்? தோ வந்துர்றேன்னு சொல்லிட்டுப் போனான்." பானு எழுந்து துணியை எடுத்துக்கொண்டாள். "அவ அங்கியேதான் கீறா. இவன்தான் நூறு பேரோட போய்ட்டான்."

சமையலறைக்குப் போய்விட்டாள்.

சந்தோஷ் தயங்கித் தயங்கி, "அண்ணாத்தே, இது கேம் கதையா, உங்கூட்டு கதையா?" என்று கேட்டான்.

ரிமோட்டைக் கீழே வைத்தேன். எதிரணி உள்ளே வந்தபோது என் மாரி அசையாமல் நின்றிருப்பான், பொம்மை என்றே நினைத்துச் சுட்டிருப்பார்கள். டிவியை அணைத்தேன்.

பானு தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிலைப்படியில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் வேறு ஏதோ வந்தது.

"மாரி படகுல வந்துகினு கீறான்" என்றேன். கரகரப்புக் குரல் வரவில்லை, என் குரல்தான் வந்தது. கீழே ஓடுவதற்கு எழுத்தும் இல்லை.

அவள் நிமிரவில்லை. ஒரு காம்பை உருவிப் போட்டுவிட்டு, "ஏன் இவ்ளோ லேட்டு?" என்றாள்.

"வழியில வேறொரு சண்டைக்குப் போய்ட்டான்."

"அந்தச் சண்டைக்கும் அவனுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. ஜெயிச்சா பேரு மேல ஏறும்னு போனான்."

"ஏறுச்சா?"

"ஏறுச்சு. அப்பறம் தூங்கி எழுந்தா எறங்கிக் கெடந்துச்சு."

சிரிப்பு வந்ததை அவள் கீரைக்குள் மறைத்துக்கொண்டாள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. படகைக் கரையேற்றினேன், மணலில் ஓடவிட்டேன், கதவருகே கொண்டுபோய் நிறுத்தினேன். தட்டினான் என்றேன். "எல்லம்மா வந்து கதவத் தொறந்தா..."

"தொறக்கல" என்றாள் பானு.

"ஏன்?"

"தாப்பா உள்ளதான கீது. தொறக்கறதா வேணாமான்னு அவதான் பாக்கணும்."

"அப்போ மாரி?"

"நிக்கட்டும்."

இதற்கு மேல் எனக்குக் கதை ஓடவில்லை. உட்காரலாமா என்று கேட்டேன். அவள் கீரையில் பாதியைப் பிரித்து எதிர்ப்பக்கம் தள்ளினாள். உட்கார்ந்து ஆய்ந்தேன். இரண்டாவது கொத்திலேயே காம்பும் இலையுமாகக் கலந்து போட்டு ரிஜெக்ட் வாங்கினேன். வெகுநேரம் கழித்து, உள்ளே இருக்கிறவளுக்கு வெளியே நிற்பவன் பேசுவது காதில் விழுமா என்று கேட்டேன்.

"உழும்" என்றாள் பானு. "பேசு."